எனக்குப் பஞ்சாபி தெரியாது

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னித்துவிடுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனாவை எடுத்தது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடவும், மருந்து கொடுத்த நேரத்தைக் குறிக்கவும்தான். சின்ன ர, பெரிய ற இரண்டில் எது எங்கே வரும் என்று இன்னும் நின்று யோசிக்கிறேன். என் மனைவி பத்தாவது வரை படித்தவள். எழுதி முடித்ததும் தப்புகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். திருத்த வேண்டுமென்றால் படித்துத்தானே ஆக வேண்டும். இதில் இருப்பதில் பாதி அவளுக்கே தெரியாது. அதனால்தான் முதல் பக்கத்தையே எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

பொம்மசந்திராவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினாறு வருடம் பேக்கிங் வேலை பார்த்தேன். அதை மூடிய பிறகு, வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் பேஷண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது. இரண்டு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் சொல்வதற்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாது.

இரண்டாவது எனக்குச் சுலபம். பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான்.

அல்சூரில் ஏரியைப் பார்த்த மாதிரி இரண்டாவது மாடியில் ஒரு வீடு. பேஷண்ட் ஒரு சர்தார். எண்பதை நெருங்கியவர். பீன்யாவில் லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் செய்கிற பட்டறை வைத்திருந்தவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. காலையில் நான் வந்ததும் அவர் கிளம்புவார், அவர் வந்த பிறகு நான் கிளம்புவேன். பக்கவாதம் வந்து பெரியவரின் வலது கையும் காலும் போயிருந்தன. பட்டறை ஆட்களைத் திட்டத் தமிழ், கன்னடம், இந்தி, இங்கிலீஷ் என்று எல்லாம் பேசுவாராம். அவையும் போய்விட்டன. மிச்சம் இருந்தது அவருடைய தாய்மொழி ஒன்றுதான். அதுவும் வாய்க்குள் உருண்டு குழைந்துதான் வெளியே வரும்.

மகன் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். என்னிடம் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் பேசுவார். அவருக்குத் தெரிந்த பஞ்சாபி கல்யாண வீட்டில் நலம் விசாரிக்கும் அளவுக்குத்தான். அப்பாவின் குழறலை அவரால் பிடிக்க முடியவில்லை. முதல் நாளே என்னிடம், "அண்ணா, உங்களுக்குப் புரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கண்ணில் சிரிப்பு இல்லை.

முதல் இரண்டு வாரம் எனக்கும் பெரியவருக்கும் சண்டைதான். அவர் ஒன்று கேட்பார், நான் வேறொன்றைக் கொண்டுபோவேன். ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது இடது கையால் ஸ்பூனைத் தட்டிவிட்டு "கோத்தே தா புத்தர்" என்று கத்தினார். ஸ்பூனுக்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். ஏஜென்சி கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'கோத்தே தா புத்தர் – ஸ்பூன்' என்று எழுதியும் வைத்தேன். மறுநாள் காலை மகன் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஸ்பூனைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், மிகவும் மரியாதையாக, "கோத்தே தா புத்தர், பாபாஜி?" என்று கேட்டேன்.

மகன் ஷூ போடுவதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கழுதைக்குப் பிறந்தவன் என்று அர்த்தமாம். பெரியவரும் சிரித்தார். முகத்தின் இடது பாதி மட்டும் சிரித்தது. அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவர் எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஒரு பொருளைக் கண்ணால் காட்டுவார். பெயரைச் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். தப்பென்றால் இடது கை விரல் மெத்தையில் இரண்டு முறை தட்டும். தமிழ் எழுத்திலேயே நோட்டில் எழுதிக்கொள்வேன். தண்ணீருக்கு இந்திக்காரர்கள் பானி என்கிறார்கள், இவர் நம் மூன்று சுழி ண போட்டுப் பாணி என்றார். மெதுவாக என்பதற்கு ஹௌளி. அதில் நம்முடைய ள வந்தது. நான் அந்த ளவைச் சரியாகச் சொன்னதும் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருடைய மகனே அந்தச் சொல்லை ல போட்டுத்தான் சொல்வாராம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் என் வீட்டில் டீயைச் 'சா' என்று கேட்டுவிட்டேன். மனைவி கரண்டியோடு திரும்பினாள். "இருபத்திமூணு வருஷமா என்கிட்ட 'ம்'மு, 'சரி'ன்னு ரெண்டே வார்த்தைதான். அந்தத் தாத்தாகிட்ட பேசறதுக்குப் புதுசா ஒரு பாஷையே கத்துக்கினு வர்றியா?" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அவரிடம் பேச எனக்குக் கூச்சம் வரவில்லை. இருவருக்கும் வார்த்தை குறைவு, இருவருமே தப்பாகப் பேசுகிறவர்கள்.

நாலைந்து மாதத்தில் அவர் சொல்வதில் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. மகனுக்கு நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அப்பாவுக்குக் குளிருகிறதாம், பட்டறைக் கதவுக்கு எண்ணெய் போடச் சொல்கிறார், பக்கத்து வீட்டுப் பிரஷர் குக்கர் சத்தம் பிடிக்கவில்லையாம். மகன் அதையெல்லாம் பெரிய விஷயமாகக் கேட்டுக்கொள்வார். எனக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதை மறைக்கவில்லை.

இனி பெரியவருடைய தலைமுடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையில், படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதல் வாரத்திலேயே முடியை ஒட்ட வெட்டிவிடுவோம். என் பையில் அதற்கென்று ஒரு மெஷின் எப்போதும் இருக்கும். இந்த வீட்டில் அது பையை விட்டு வெளியே வரவில்லை. பிறந்ததிலிருந்து கத்தரிக்கோல் படாத முடி. வெள்ளையாக, மெலிந்து, இடுப்பு வரை இருந்தது. தினம் இரண்டு வேளை மரச்சீப்பால் வாரி உச்சியில் முடிந்து சின்னத் துணி கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அலச வேண்டும். படுக்கையிலேயே அலசிக் காயவைக்க அரைநாள் போய்விடும்.

என் போனில் திருத்தணியில் எடுத்த படம் ஒன்று இருந்தது. நானும் என் மனைவியும் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நிற்கிற படம். அதைக் காட்டியபோது அவர் பதறிப்போனார். யார் செத்தது என்று கேட்டார். யாரும் சாகவில்லை, சாமிக்குக் கொடுத்தோம் என்று எனக்குத் தெரிந்த பஞ்சாபியில் சொன்னேன். வெகுநேரம் யோசித்தார். பிறகு, நீங்கள் கொடுக்கிறீர்கள், நாங்கள் வைத்துக்கொள்கிறோம், அது அவன் தந்தது என்று மேலே காட்டினார். பஞ்சாபியில் முடிக்கு வால் என்றும் சொல்வார்கள், அவர் அப்படிச் சொல்லமாட்டார், கேஸ் என்றுதான் சொல்வார். கேசம் என்று நாம் சொல்கிற அதே சொல். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது. எனக்கு எல்லாம் தெரியும்.

மழைக்காலத்தில் சில நாள் மதியம் நான் தூங்கிவிட்டேன். அவர் தூங்கினார், நானும் நாற்காலியில் தூங்கினேன். இரண்டு மணிக்குத் திருப்ப வேண்டியவரை ஐந்து மணிக்குத் திருப்பினேன். நோட்டில் இரண்டு மணிக்குத் திருப்பியதாக எழுதினேன். ஒரு நாளா, இரண்டு நாளா என்றால், ஒரு வாரம் இருக்கும். பின்மண்டையில் புண் வந்தது. முடிக்குள் இருந்ததால் முதலில் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

மகனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்று மாலை அவர் புண்ணைப் பார்த்து முகம் மாறினார். எப்படி வந்தது என்று கேட்டார். திட்டுகிற குரல்கூட இல்லை. "முடிதான் சார் காரணம். உள்ள காத்து போகல, ஈரம் காயல" என்றேன். அந்த ஒரு பொய் போதும் என்று நினைத்தேன்.

மூன்று நாளாக மருந்து போட்டும் புண் ஆறவில்லை. நான்காம் நாள் சனிக்கிழமை. மகன் வீட்டில் இருந்தார். அவர் காலேஜ் நாட்களிலேயே முடியை வெட்டிக்கொண்டவர், அதனால் அப்பாவும் அவரும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்கள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில், "அண்ணா, கட் பண்ணிடுங்க. புண்ணு ஆறட்டும். முடி திரும்ப வளரும்ல" என்றார். சொல்லிவிட்டு அப்பாவின் காலருகே போய் நின்றுகொண்டார்.

நான் மெஷினை எடுத்தேன். பெரியவர் அதைப் பார்த்தார். மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"கேஸ் நா கட்டீ, புத்தர்" என்றார்.

முடியை வெட்டாதே மகனே. அவ்வளவுதான் அதன் அர்த்தம். என்னைத்தான் மகனே என்றார். இரண்டாவது முறையும் சொன்னார். மூன்றாவது முறை சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

மகன் என்னிடம், "என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

மகனின் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்கிறார் என்று நான் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பார். பிறகு டாக்டரைக் கூப்பிடுவார். டாக்டர் வந்தால் புண் எதனால் வந்தது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். இதெல்லாம் என் மனதில் ஓடிய வேகம் எனக்கே ஆச்சரியம். படிப்பில் இவ்வளவு வேகமாக என் மூளை ஓடியதே இல்லை.

"மெல்லப் பண்ணச் சொல்றாரு சார்" என்றேன்.

மெல்லத்தான் வெட்டினேன். பத்து நிமிடம் ஆனது. அவர் தலையை அசைக்கவில்லை. முடிந்ததும் எல்லா வீட்டிலும் செய்வதைப் போலவே கீழே விழுந்ததைப் பெருக்கி முறத்தில் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டேன். பாதி போட்ட பிறகுதான் மகன், "அதை ஒரு துணியில..." என்று ஆரம்பித்து, பேச்சை முடிக்காமல் அறைக்குள் போய்விட்டார்.

புண் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. காற்றுப் பட்டதால் இல்லை, நான் நேரத்துக்குத் திருப்பியதால்.

பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். கண்ணால் எதையும் காட்டமாட்டார். நான் பெயர்களைச் சொல்லிப் பார்ப்பேன், பாணி, சா, ஜன்னலுக்குக் கிடக்கி, விளக்குக்குப் பத்தி. வேண்டுமென்றே தப்பாகவும் சொல்வேன். விரல் தட்டாது. மகனுக்கு அது நோய் முற்றிவிட்டதாகத் தோன்றியது. நானும் அப்படியே இருக்கும் என்றேன்.

அடுத்த மாதம் ஜலந்தரிலிருந்து பெரியவரின் தங்கை வந்தார். அறைக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு வந்து அண்ணன் தலையை இரண்டு கையாலும் தடவினார். மகன் புண்ணைப் பற்றிச் சொன்னார். அப்பா மறுக்கவில்லை என்றும், மெல்லச் செய்யுமாறு மட்டும் சொன்னார் என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்ததைத்தான் சொன்னார்.

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து அண்ணனிடம் பேசினார். நான் மருந்து மேசையைத் துடைப்பது போல நின்றுகொண்டு கேட்டேன். ஒரு சொல் விடாமல் புரிந்தது. இவ்வளவு காலம் காப்பாற்றிவிட்டுக் கடைசியில் ஏன் சம்மதித்தாய், ஒரு புண்ணுக்காகவா, நம் அப்பா இருந்தால் உன் முகத்தில் விழிப்பாரா என்று கேட்டார். பெரியவர் கண்ணை மட்டும் திருப்பி என் மேல் வைத்தார்.

தங்கை அதைப் பார்த்துவிட்டார். என் பக்கம் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, "வீர்ஜி, மேரே வீர் நே குஜ் கெஹா ஸீ?" என்று கேட்டார். சகோதரரே, என் சகோதரன் ஏதாவது சொன்னானா?

பெரியவருடைய குருத்வாராவிலிருந்து ஆட்கள் பார்க்க வரும்போது என்னிடம் மடமடவென்று பேசுவார்கள். அவர்களைச் சமாளிக்கப் பெரியவரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார். அதுதான் என் வாயில் வந்தது.

"மைனூ பஞ்சாபி நஹீ ஆவுந்தி."

எனக்குப் பஞ்சாபி தெரியாது. அதைப் பிழையில்லாமல், அவருடைய உச்சரிப்பிலேயே சொன்னேன். மகன் சிரித்துவிட்டார். பஞ்சாபி தெரியாது என்று இவ்வளவு நல்ல பஞ்சாபியில் யாராவது சொல்வார்களா என்கிற மாதிரி அத்தையிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் தங்கை அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போனார். புறப்படும் நாளில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நான்தான் தூக்கினேன். பழக்கப்படி அவருடைய இடது கை என் கழுத்தைச் சுற்றிப் பிடித்தது. உட்காரவைத்ததும் எடுத்துக்கொண்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது.

அதற்குப் பிறகு வேறு வீட்டுக்குப் போனேன். கன்னடக்காரர், நல்ல மனிதர். மெஷினைப் பையிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டேன். முடி வெட்ட வேண்டுமென்றால் கடையிலிருந்து ஆளைக் கூட்டி வரச் சொல்வேன். அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் அந்த அம்மாவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. ஜலந்தரில் வெயிலில் நாற்காலி போட்டுப் பெரியவரை உட்காரவைத்திருந்தார்கள். முடி காது வரை வளர்ந்திருந்தது. கூடவே அந்த அம்மா மெதுவான பஞ்சாபியில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். அண்ணன் இன்னும் பேசவில்லை, நான் அன்று கோபப்பட்டதை மனதில் வைத்திருக்கிறான் போல, நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள், நன்றி என்று. நான் அதை மூன்று நாள் கேட்டேன். நன்றி என்ற இடம் வருவதற்குள் நிறுத்திவிடுவேன்.

நான்காம் நாள் வேலைக்குப் போகும் வழியில் அல்சூர் ஏரிக்கரையில் இறங்கினேன். கம்பி வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பஞ்சாபியில் பேசிப் போனில் பதிவு செய்தேன். மூன்று முறை வேண்டாம் என்று சொன்னார், எனக்குப் புரிந்தது, நான் அவர் மகனிடம் மாற்றிச் சொன்னேன், புண் வந்ததும் நான் தூங்கியதால்தான், அவர் சம்மதிக்கவில்லை. இவ்வளவுதான். இறந்த காலம், நிகழ்காலம் எல்லாம் கலந்துதான் பேசியிருப்பேன். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா கேட்டுவிட்டதாகப் போன் காட்டியது. பதில் வரவில்லை.

முந்தாநாள் மாலை மகன் போன் செய்தார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தேன்.

"அத்தை அப்பாகிட்ட மன்னிப்பு கேட்டாங்களாம்" என்றார். "நீங்க பேசினதை அவர் காதுகிட்ட வெச்சுப் போட்டுக் காமிச்சாங்களாம்."

நான், "சரி சார்" என்றேன்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

"ஆமா சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஏஜென்சியில் சொல்லப்போவதாகவும் சொல்லவில்லை. ஏதோ கேட்க வந்து கேட்காமல் விட்டது போல இருந்தது. அவர் பக்கம் டிராபிக் சத்தம் கேட்டது. என் பக்கம் மனைவி யாரென்று சைகையில் கேட்டாள். பிறகு அவர் போனை வைத்துவிட்டார். பெரியவர் பேசினாரா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

மனைவியிடம் ஏஜென்சியிலிருந்து என்று சொன்னேன். அதுவும் பொய்தான். இதைத் திருத்தும்போது அவள் தெரிந்துகொள்ளட்டும்.

எழுதி முடித்தது டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.